ஹப்தா, டியூ, தண்டல்: மும்பையில் வாகனக் கடன் கட்ட முடியாமற்போவதன் வரலாறு

மராத்தியில் தவணைக்கு ‘ஹப்தா’ என்று பெயர். பாரசீகத்தில் ‘ஹஃப்த்’ என்பது ஏழு. ‘ஹஃப்தா’ என்பது ஏழு நாள் கொண்ட வாரம். வாரந்தோறும் கட்டிய பணத்துக்கு வாரத்தின் பெயரே வந்து சேர்ந்தது. பின்னர் மாதந்தோறும் கட்டும் பணத்தையும் ‘மாசிக் ஹப்தா’ என்று அழைத்தார்கள். மாத வாரம் என்று அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்பு வரும். இதே சொல் மும்பைத் தெரு இந்தியில் தாதாவுக்குக் கடைக்காரர் அழும் மாமூலையும் குறிக்கிறது. வசூலைக் குறிக்கும் சொல் மிரட்டலைக் குறிக்கும் சொல்லாக நழுவுவது மராத்திக்கோ இந்திக்கோ மட்டும் உரியதன்று. கல்வெட்டுத் தமிழில் ‘தண்டுதல்’ வரி திரட்டுதல். இன்று ‘தண்டல்’ என்றால் நாள்தோறும் வாசலில் வந்து நிற்கும் கடன்காரர்.

தாராவித் தமிழர் வீடுகளில் இந்தச் சொற்கள் யாவும் ஒருசேரப் புழங்குகின்றன. வங்கிக்குக் கட்டுவது ‘டியூ’ அல்லது ‘ஹப்தா’. அது தவறிய மாதத்தில் வாங்குவது ‘தண்டல்’. அதுவும் தவறினால் ‘வண்டியைத் தூக்கிட்டாங்க’. பக்கத்து வீட்டு இந்திக்காரர் இதனையே ‘காடி கீஞ்ச் லீ’ என்பார். தமிழர் தூக்கியதாகச் சொல்வதை அவர் இழுத்ததாகச் சொல்கிறார். இரண்டு தொடர்களிலும் எழுவாய் இல்லை. தூக்கியவர் யார், எந்த உரிமையில் தூக்கினார் என்பதைப் பேசுவோர் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடத் தேவையுண்டு என்றும் நினைப்பதில்லை. அந்த எழுவாயைத் தேடிச் செல்வதே இப்பதிவின் நோக்கம். தவணை கட்ட முடியாமற்போன நாளில் அந்தக் கார் யாருடையது? இக்கேள்விக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் சொல்லிவந்த விடைகள் ஒன்றுபோல் இல்லை. அவற்றை அறியாதவரே அதிகம் இழந்திருக்கிறார்.

1. பியானோவிலிருந்து லாரிக்கு

வணிகவியல் மாணவர் அனைவரும் ஒரு வேறுபாட்டைப் படித்திருப்பர். தவணை முறையில் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே பொருள் வாங்குபவருக்கு உரிமையாகிறது. வாடகைக் கொள்முதல் முறையில் கடைசித் தவணை கட்டும்வரை அவர் வாடகைதாரர் மட்டுமே. இந்த வேறுபாட்டை உறுதிசெய்தது 1895இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வழங்கிய ‘ஹெல்பி எதிர் மாத்யூஸ்’ தீர்ப்பு. தவணையில் எடுத்த பியானோவை ஒருவர் அடகுக் கடையில் வைத்துவிட்டார். அவர் அதனை வாங்க ஒப்புக்கொண்டவரா, வாடகைக்கு எடுத்தவரா என்பது வழக்கு. விரும்பும்போது பியானோவைத் திருப்பிக் கொடுத்துவிட அவருக்கு உரிமை இருந்தது. எனவே அவர் வாங்க ஒப்புக்கொண்டவர் ஆகார் என்றது சபை. பியானோ உடைமையாளரிடம் திரும்பியது.

இத்தீர்ப்பு தவணை வணிகத்துக்கு வலுவான அடித்தளம் ஆயிற்று. பெரும்பகுதி கட்டி முடித்தவரிடமிருந்தும் ஒரு தவணை தவறினால் பொருளைப் பறிக்கலாம். பறித்ததை மீண்டும் விற்கலாம். இந்த வழக்கத்தைத் தடுக்கவே எலன் வில்கின்சன் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1938இல் சட்டமானது. மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிய பிறகு நீதிமன்றம் செல்லாமல் பொருளை எடுக்கக் கூடாது என்பது அதன் மையம். கட்டிய பணம் ஓரளவு உரிமையை உண்டாக்குகிறது என்ற கருத்து அதன்வழிச் சட்டத்துக்குள் நுழைந்தது.

2. சென்னையில் எழுந்த கேள்வி

இந்தியாவில் வாடகைக் கொள்முதல் வேரூன்றியதில் சென்னைக்குத் தனி இடமுண்டு. 1954இல் டி.எஸ். சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். லாரி, பேருந்து வாங்குவோருக்குக் கடன் தருவது அதன் முதன்மைப் பணி. 1979இல் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் தயங்கிய பழைய லாரிச் சந்தையில் கால்பதித்தது. சொந்த லாரி வைத்த ஓட்டுநர் என்ற ஒரு வகுப்பு உருவாவதற்கு இத்தகைய நிறுவனங்கள் உதவின என்பதை மறுக்க முடியாது.

சுந்தரம் ஃபைனான்ஸுக்கும் கேரள அரசுக்கும் இடையில் விற்பனை வரி பற்றி எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதன் தீர்ப்பு 1966ஆம் ஆண்டுத் தொகுதிகளில் உள்ளது. வாடிக்கையாளர் தாமே வண்டியை வாங்கிக்கொள்கிறார். நிறுவனம் பணம் தருகிறது. பாதுகாப்புக்காக வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. இது விற்பனையா, கடனா? ஒப்பந்தத்தின் சொற்களைத் தாண்டி உண்மை உறவைப் பார்த்த பெரும்பான்மை நீதிபதிகள், இது சாராம்சத்தில் கடன் என்றனர். ஒப்பந்தத்தின் நோக்கம் கொடுத்த கடனைப் பத்திரப்படுத்துவதே. ஆகையால் விற்பனை வரி இல்லை.

மொழியியல் படித்தவருக்கு இத்தீர்ப்பு மிகவும் சுவையானது. ஒரே தாளில் ஒருவர் வாடகைதாரர் என்று எழுதப்பட்டிருக்கிறார். நீதிமன்றம் அவரைக் கடனாளி என்று படிக்கிறது. வரி என்று வரும்போது நிதி நிறுவனம் தன்னைக் கடன் கொடுத்தவராகக் காட்டிக்கொள்வது இலாபம். வண்டியை எடுக்க வேண்டும் என்று வரும்போது உடைமையாளராகக் காட்டிக்கொள்வது இலாபம். சொல்லைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு ஒப்பந்தத்தை எழுதியவரிடம் இருந்தது, கையெழுத்திட்டவரிடம் இல்லை.

1982இன் 46ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாடகைக் கொள்முதலையும் விற்பனை வரிக்குள் கொண்டுவந்தது. பின்னாளில் கார்க் கடன் சந்தை பெரும்பாலும் ‘கடன் பெற்று வண்டியை ஈடாகக் காட்டுதல்’ என்ற வடிவத்துக்கு மாறியது. இம்முறையில் வண்டி கடனாளியுடையது; பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் ஈட்டுரிமையாளராக இருக்கும். ஆயினும் தவணை தவறினால் வண்டியை எடுக்கலாம் என்ற வாசகம் புதிய ஒப்பந்தத்துக்கும் குடிபெயர்ந்தது. உடைமையாளர் என்ற பெயர் கைமாறிய பிறகும் எடுக்கும் கை மாறவில்லை.

3. நடைமுறைக்கு வராத ஒரு சட்டம்

இந்தியச் சட்ட ஆணையம் 1961இல் தன் 20ஆவது அறிக்கையை வாடகைக் கொள்முதலுக்கே ஒதுக்கியது. அதன் தொடர்ச்சியாக 1972இல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டத்தை இயற்றியது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டிவிட்டவரிடமிருந்து நீதிமன்றத்தின் வழியாக அன்றி வண்டியை எடுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இதிலும் இருந்தது. ஆனால் இச்சட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 33 ஆண்டுகள் சட்ட நூலில் மட்டும் இருந்துவிட்டு 2005இல் நீக்கப்பட்டது.

இந்த வெற்றிடத்தை ஒப்பந்தங்கள் நிரப்பின. 1988இன் மோட்டார் வாகனச் சட்டம், 51ஆவது பிரிவில், வண்டியைக் கைப்பற்றிய நிதி நிறுவனம் தன் பெயரில் புதிய பதிவுச் சான்று பெறும் வழியைச் சொல்கிறது. ஆக, எடுத்த பிறகு செய்ய வேண்டியதற்குச் சட்டமும் படிவமும் இருந்தன. எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகள் தீர்மானித்தன.

4. முகம் தெரிந்த கடனும் தெரியாத கடனும்

மும்பைத் தமிழரிடையே கடன் புதிதன்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்கள் சீட்டுப் பிடித்தே ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், பெண்ணுக்குத் திருமணம் செய்தார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய மாதச் சம்பளக்காரர்களுக்கு அலுவலகக் கூட்டுறவுச் சங்கக் கடன் இருந்தது. தவணை சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. இவ்விரண்டும் முகம் தெரிந்த கடன்கள். ஒரு மாதம் முடியாவிட்டால் சீட்டு நடத்தும் அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லலாம். அவர் திட்டுவார், பிறகு அடுத்த வாரம் கொடு என்பார். சங்கச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். கட்ட முடியாமையைச் சொல்வதற்கு ஓர் இடமும் அதற்குரிய ஒரு பேச்சும் இருந்தன.

டாக்ஸித் தொழிலுக்கும் இத்தகைய வலைப்பின்னல் உண்டு. குஜராத்தின் பாலன்பூர்ப் பகுதியைச் சேர்ந்த சிலியா முஸ்லிம் ஓட்டுநர்களைப் பற்றித் தாரிணி பேடி 2022இல் எழுதிய நூல், வண்டியும் உறவும் ஒன்றையொன்று தாங்கிநின்ற உலகை விரிவாகக் காட்டுகிறது. தாராவிக்கும் செம்பூருக்கும் அருகிலுள்ள குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை இருந்தது. அங்கே பிறந்த பத்மினியைத் தெருவோர மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் அவ்வகை டாக்ஸிகள் சாலையை விட்டு நீங்கின.

அதற்குள் மும்பையில் ஓலாவும் ஊபரும் வேரூன்றியிருந்தன. தொடக்க கால ஊக்கத்தொகையைக் கணக்கில் வைத்துப் பலர் கடனில் கார் எடுத்தார்கள். ஊக்கத்தொகை குறைந்தது, எரிபொருள் விலை ஏறியது, தவணை மட்டும் மாறவில்லை. 2018 அக்டோபர் 22 அன்று மும்பையில் செயலி வண்டி ஓட்டுநர்கள் பல நாள் நீடித்த வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். கட்டண உயர்வு அவர்களது முதன்மைக் கோரிக்கை. அக்கோரிக்கைக்குப் பின்னால் இருந்தது மாதத் தவணை.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணை ஒத்திவைப்புக்கு அனுமதி தந்தது. மே மாதம் அதனை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஒத்திவைப்பு என்பதைத் தள்ளுபடி என்று புரிந்துகொண்டவர் பலர். அம்மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் வட்டியை முழுதும் தள்ளுபடி செய்ய மறுத்தது. ஆனால் ஒத்திவைப்புக் காலத்தில் வட்டிக்கு வட்டி கூடாது என்றது.

5. எழுவாயைக் கேட்ட நீதிமன்றங்கள்

தூக்கியவர் யார் என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2007 பிப்ரவரி 26 அன்று நேரடியாகக் கேட்டது. லாரிக் கடன் ஒன்றின் தொடர்பான அவ்வழக்கில் தீர்ப்பு எழுதியவர் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். கடன் வசூலும் வண்டியைக் கைப்பற்றுவதும் சட்ட வழியில்தான் நடக்க வேண்டும், அடியாட்களை வைத்து நடக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்கான நெறிகளை வெளியிட்டது. 2011 நவம்பரில் ஒரு கார்க் கடன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே நிலையை மீண்டும் உறுதிசெய்தது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம், முகவர்கள் வண்டியை வலுவில் பறிப்பது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றது.

மறுபுறமும் உண்டு. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம், வாடகைக் கொள்முதலில் முழுத் தொகையும் கட்டும்வரை நிதி நிறுவனமே உடைமையாளர் என்ற பழைய நிலையை ஏற்றது. தவணை தவறிய வண்டியை அது எடுப்பதைத் தன்னளவில் குற்றமாகக் கொள்ளவில்லை. ஒப்பந்தம் அறிவிப்புத் தர வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்த அறிவிப்பைத் தந்தாக வேண்டும் என்றும் அது சொன்னது. இத்தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். வண்டியை எடுக்கும் உரிமை மறுக்கப்படவில்லை. எடுக்கும் முறை வரையறுக்கப்பட்டிருக்கிறது. கடனாளிக்குச் சட்டத்தில் மிஞ்சியிருப்பது அந்த முறை மட்டுமே.

அம்முறை மீறப்படும்போது விலை என்னவாகும் என்பதை 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் காட்டியது. டிராக்டரைக் கைப்பற்றும் முயற்சியில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் நசுங்கி இறந்தார். வெளியாட்களைக் கொண்டு வண்டிகளைக் கைப்பற்றக் கூடாது என்று மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மஹிந்திரா ஃபைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2023 ஜனவரியில் அத்தடையை விலக்கிக்கொண்டது.

6. தொண்ணூறு நாள் மௌனம்

இனி இவ்வரலாறு இன்றைய கடனாளிக்குச் சொல்வது. 6 லட்சம் ரூபாய்க் கடன், 10 விழுக்காடு வட்டி, 5 ஆண்டு என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 12,750 ரூபாய். ஓராண்டில் 1.53 லட்சம் கட்டியிருப்பார். அசலில் குறைந்தது 97,000 மட்டுமே. மீதம் 5.03 லட்சம். அந்நிலையில் வண்டி ஏலத்தில் 4 லட்சத்துக்குப் போனால் வண்டியும் இல்லை, ஒரு லட்சத்துக்கு மேல் கடனும் உண்டு. எடுத்துச் சென்ற செலவு தனி. வண்டியைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. மாறாக, அந்த 5.03 லட்சத்தை மீதமுள்ள 48 மாதங்களுக்குப் பதிலாக 72 மாதங்களுக்கு நீட்டிக்க நிறுவனம் இசைந்தால் தவணை ஏறத்தாழ 9,300 ஆகும். மொத்தத்தில் சுமார் 58,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். சுமைதான். ஆனால் ஓட்டுநர் வீட்டில் வண்டி இருக்கும், வண்டியில் வருமானம் இருக்கும். அதுவும் இயலாதெனில் நிறுவனத்தின் ஒப்புதலுடன் தாமே வண்டியை விற்றுக் கணக்கை முடிப்பது, ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்க வழி.

இவை யாவும் தொடக்க நாட்களில் கேட்க வேண்டியவை. நிலுவை 90 நாளைத் தாண்டினால் வங்கிக் கணக்கில் அக்கடன் வாராக்கடன். அதற்கு முன் 30, 60 என்ற படிகளும் உண்டு. கேட்கும் குரலுக்கு மதிப்பு ஒவ்வொரு படியிலும் குறைகிறது. இருந்தும் பெரும்பாலோர் அந்த 90 நாளும் பேசுவதில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை, வண்டியை வேறு சந்தில் நிறுத்துகிறார்கள், தண்டல் வாங்கி ஒரு டியூவைக் கட்டுகிறார்கள். 2014இன் மகாராஷ்டிரச் சட்டப்படி உரிமமின்றி வட்டிக்கு விடுவது குற்றம். ஆனால் வங்கிக் கடனைவிட அந்தக் கடனைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் கூசுகிறார்கள்.

இம்மௌனத்துக்கு மொழியிலும் ஒரு வேர் உண்டு. தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்குக் கடமை என்பதே பழம்பொருள். புறநானூற்றின் 312ஆம் பாடல் தாய் முதல் வேந்தன் வரை ஒவ்வொருவர் கடமையையும் அச்சொல்லாலேயே குறிக்கிறது. காலைக்கடன், நீத்தார்கடன் ஆகியவற்றில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. ஆகவே கடனைக் கட்ட முடியாதவர் நம் காதில் கடமை தவறியவராக ஒலிக்கிறார். நிதி நிறுவனத்தின் ஏட்டிலோ அது நாள் கணக்கில் நகரும் ஒரு வகைப்பாடு. ஒருபக்கம் மானம், மறுபக்கம் வகைப்பாடு. மானத்தின் மொழியில் சிந்திப்பவர் ஒளிந்துகொள்கிறார். வகைப்பாட்டின் மொழி தெரிந்தவர் 30ஆம் நாளுக்கு முன் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றதற்கான சான்றைக் கேட்டு வாங்குகிறார்.

எழுத்தில் கேட்பதற்கு உரிமைகளும் உள்ளன. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை நெறிப்படி, வண்டியைக் கைப்பற்றும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதில் ஆறு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: கைப்பற்றுமுன் தரும் அறிவிப்புக் காலம், எந்நிலையில் அறிவிப்பு விலக்கப்படும், கைப்பற்றும் முறை, விற்குமுன் பணம் கட்டத் தரும் இறுதி வாய்ப்பு, வண்டியைத் திருப்பித் தரும் முறை, விற்பனை அல்லது ஏலத்தின் முறை. 2022 ஆகஸ்ட் நெறிப்படி வசூல் அழைப்புகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வரக் கூடாது. நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நம் துறையினர் கவனிக்க வேண்டிய வரி ஒன்றும் அந்நெறியில் உண்டு. கடனாளிக்கு அனுப்பும் எல்லாத் தகவலும் வட்டார மொழியில் அல்லது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தாராவியில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் தம் ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்பது சலுகை வேண்டுவதாகாது. கேட்பார் இல்லாததால் தருவாரும் இல்லை. தந்தாலும், ‘ஹைபாதிகேஷன்’, ‘ரீபொசஷன்’, ‘ஃபோர்குளோஷர்’ ஆகியவற்றுக்குப் படித்தவுடன் புரியும் தமிழை நாம் இன்னும் ஆக்கித் தரவில்லை. ‘அடமானம்’ என்றால் பொருள் கடைக்காரரிடம் இருக்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள்; இங்கோ பொருள் நம்மிடம் இருக்கிறது, உரிமையில் ஒரு பகுதி அவரிடம் இருக்கிறது.

சட்டம் படிக்கும் மாணவரும் தமிழ் படிக்கும் மாணவரும் சேர்ந்து, ஒரு வாகனக் கடன் ஒப்பந்தத்தின் முதன்மையான இருபது வாசகங்களை ஓட்டுநர் ஒருவர் உரக்கப் படித்தால் புரியும் தமிழில் எழுதலாம். ஒரு பருவத்துக்குள் முடியக்கூடிய வேலை. செம்பூரிலோ தாராவியிலோ ஒரு மன்றத்தில் அதனைப் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் கேட்பவர் தடுக்கி நிற்கிறார் என்று குறித்துக்கொண்டு திருத்தலாம். ஆர்வமுள்ளோர் எழுதுங்கள், சொற்பட்டியல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன், பகிர்ந்துகொள்கிறேன்.